தோலில் தோன்றும் தடிப்பை மறைக்க வேண்டாம்
நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறுவோரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எனப்படும் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறுவோர் நம் பகுதியிலும் பெருகி வருகின்றனர். நெய்வேலி நகரியத்திலும் வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களிலும் வாழ்வோர் பெரும்பாலும் சென்னை, புதுச்சேரி, வேலூர் ஆகிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் இம்மருந்தை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அடுத்த தவணை 2, 3, 4 அல்லது 6 வாரங்கள் கழித்தே வரும். இடைப்பட்ட நாள்களில் உடலில் ஏதேனும் மாற்றம் நேர்ந்தால் அதை முதலில் காண்பவர்கள் நோயாளியும் வீட்டாருமே ஆவர்.

அவ்வாறு காணப்படும் மாற்றங்களுள் மிகுதியானவை தோலில் தோன்றுபவை. அரிப்பு, தடிப்பு, கொப்புளம், வெண்புள்ளி எனப் பல வடிவங்களில் அவை வெளிப்படுகின்றன. சிலர் அவற்றை வேர்க்குரு என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். வேறு சிலர், "டாக்டரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்" என்று அஞ்சி மறைத்துவிடுகின்றனர். பெரும் பொருட்செலவில் தொடங்கிய சிகிச்சை இடையில் நின்றுவிடுமோ என்னும் கவலை இயல்பானதே. ஆயினும் உண்மை இதற்கு நேர்மாறானது. தொடக்கத்திலேயே சொல்லப்படும் தடிப்பு பெரும்பாலும் களிம்பிலும் மாத்திரையிலும் அடங்கிவிடும். புற்றுநோய் மருந்தும் தொடரும். மறைக்கப்பட்டு முற்றிய தடிப்பே சிகிச்சையை நிறுத்தும் நிலைக்குக் கொண்டு செல்கிறது. இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது இதுவே.

மருந்து என்ன செய்கிறது?

நம் குருதியிலும் திசுக்களிலும் உலவும் 'டி' அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள், கிருமிகளையும் பழுதுபட்ட செல்களையும் இனங்கண்டு அழிக்கின்றன. அவை எல்லை மீறி நம் உடலையே தாக்கிவிடாதபடி, வண்டிக்குப் பிரேக் இருப்பதைப் போல, அவற்றின் மேற்பரப்பில் சில தடுப்பு மூலக்கூறுகள் அமைந்துள்ளன. 'சிடிஎல்ஏ-4', 'பிடி-1' ஆகிய இரண்டும் அவற்றுள் முதன்மையானவை. புற்றுநோய்ச் செல்கள் இந்தப் பிரேக்கை அழுத்தித் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியைக் கற்று வைத்துள்ளன.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தசுக்கு ஹோன்ஜோ 1992-இல் 'பிடி-1' மூலக்கூறைக் கண்டறிந்தார். 'சிடிஎல்ஏ-4' மூலக்கூறைத் தடுத்தால் புற்றுக்கட்டி கரைகிறது என்பதை அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் 1990-களில் எலிகளிடம் காட்டினார். இவ்விருவருக்கும் 2018-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுள் முதலாவதான இபிலிமுமாப் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அட்டெசோலிசுமாப், துர்வாலுமாப் ஆகியவை பின்னர் வந்தன. நுரையீரல், சிறுநீரகம், தலை–கழுத்து, கல்லீரல் உள்ளிட்ட பல புற்றுநோய்களுக்கு இவை இன்று தரப்படுகின்றன.

பெயர் 'மாப்' என்று முடிவதாலேயே ஒரு மருந்து இவ்வகையைச் சேர்ந்தது ஆகிவிடாது. ட்ராஸ்டுசுமாப், ரிட்டுக்சிமாப், செட்டுக்சிமாப் போன்றவை வேறு வழியில் செயல்படுபவை. உங்களுக்கு ஏற்றப்படும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து என்பது தெரிந்தால்தான் தோலில் வந்தது என்ன என்பதை மருத்துவர் சரியாகக் கணிக்க முடியும்.

தோல் ஏன் தாக்கப்படுகிறது?

பிரேக் தளர்ந்தபின் 'டி' அணுக்கள் புற்றைத் தாக்குவதோடு நில்லாமல், சிலரிடம் நலமான உறுப்புகளையும் தாக்குகின்றன. இதைத்தான் தன்னெதிர்ப்பு எதிர்வினை என்கிறோம். நாள்தோறும் வெளியுலகின் கிருமிகளை எதிர்கொள்ளும் உறுப்பாதலால், தோலில் 'டி' அணுக்கள் இயல்பாகவே ஏராளமாகக் குடியிருக்கின்றன. மேலும், சில புற்றுச் செல்களிலும் தோல் செல்களிலும் ஒரே மாதிரியான புரதங்கள் உள்ளன. ஒன்றைத் தேடிச் செல்லும் அணு மற்றொன்றையும் பகையென எண்ணித் தாக்குகிறது.

கீமோதெரபியின் பக்க விளைவுகளோடு இதை ஒப்பிடக் கூடாது. கீமோதெரபி வேகமாகப் பெருகும் செல்களை நேரடியாகத் தாக்குவதால் முடி உதிர்தல், வாந்தி முதலியன நேர்கின்றன. இங்கோ உடலின் காவற்படையே இடம் தவறித் தாக்குகிறது. எனவே மருத்துவமும் வேறாகிறது.

'பிடி-1' வகை மருந்தை மட்டும் பெறுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 பேருக்கு ஏதேனும் ஒரு தோல் எதிர்வினை வருகிறது. இபிலிமுமாப் பெறுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பெறுவோரிடம் இது இன்னும் மிகுதி. ஆயினும் பெரும்பாலானவை இலேசானவை. ஒரு மருந்தை மட்டும் பெறுவோரிடம் கடுமையான வகை நூற்றுக்கு ஐவரைவிடக் குறைவானோருக்கே நேர்கிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை முற்றிய தலை–கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்றில், 3 வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் என்னும் மிகக் குறைந்த அளவு நிவோலுமாப், வாய்வழி மருந்துகளுடன் சேர்த்துத் தரப்பட்டது. நிவோலுமாப் இன்றி வாய்வழி மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 16 பேர்; நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 பேர். வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டில், செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்கு இது நம்பிக்கையளிக்கும் செய்தி. ஆனால் அளவு குறைவு என்பதால் தோல் எதிர்வினை வராது என்று இருந்துவிடக் கூடாது.

எந்தெந்த வடிவில் வரும்?

சிறு தடிப்புகளும் அரிப்பும்: இவையே மிகவும் பொதுவானவை. முதல் அல்லது இரண்டாம் தவணைக்குப் பின், 3 முதல் 6 வாரங்களில், மார்பு, முதுகு, கைகால்களில் சிறு தடிப்புகள் பரவும். சிலருக்குத் தடிப்பே இன்றி அரிப்பு மட்டும் இருக்கும். இரவில் உறக்கம் கெடும். மருத்துவ நூல்கள் இத்தடிப்புகளைச் சிவப்பு நிறம் என்று விவரிக்கும். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. ஊதா கலந்த கருமையாகவோ பழுப்பாகவோ தோன்றலாம். ஆதலால் கண்ணால் பார்ப்பதோடு விரலால் தடவியும் பாருங்கள். தோல் மேடிட்டிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

படை வகைகள்: ஏற்கெனவே சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படை உள்ளவர்களுக்கு அது மீண்டும் கிளம்பலாம், சிலருக்குப் புதிதாகவும் வரலாம். லைக்கன் வகை எதிர்வினையில் ஊதா நிறத் தட்டையான தடிப்புகள் தோன்றும். வாயினுள் வெண்கோடுகள் படர்ந்து, காரம் பட்டால் எரியும். இவை பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே வருகின்றன.

வெண்புள்ளிகள்: நிறமிச் செல்கள் தாக்கப்படுவதால் தோலும் முடியும் வெளுக்கின்றன. மெலனோமா என்னும் நிறமிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் இது மிகுதி. அவர்களிடம் இது மருந்து பயனளிப்பதன் அறிகுறியாகவும் கருதப்படுகிறது. வலியில்லை, பிறருக்குத் தொற்றாது. இதை வெண்குஷ்டம் என்று அழைப்பது தவறு. தொழுநோய்க்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. மருந்தை நிறுத்தினாலும் வெண்மை பெரும்பாலும் மறையாது. வெளுத்த இடங்களை வெயிலிலிருந்து காப்பது மட்டும் இன்றியமையாதது.

நீர்க்கொப்புளங்கள்: கொப்புளப் பெம்பிகாய்டு என்னும் இவ்வகை அரிதானது, முதியோரிடம் மிகுதி. வாரக்கணக்கில் அரிப்பு மட்டும் இருந்து, பின்னர் இறுகிய நீர்க்கொப்புளங்கள் எழும். சிகிச்சை தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும், சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னரும்கூட இது வருவதுண்டு. எனவே, "ஊசி போட்டு நாளாகிவிட்டது, இது அதனால் இருக்காது" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

தோல் உரியும் கடும் எதிர்வினைகள்: ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி முதலியவை மிக அரிதானவை, ஆனால் உயிருக்கு ஆபத்தானவை. இவற்றின் அறிகுறிகளைக் கீழே தனியே தந்துள்ளோம்.

வேர்க்குருவா, அம்மையா, அக்கியா?

நம் ஊரின் வெப்பத்தில் தோலில் எது வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது வேர்க்குருதான். வேர்க்குரு, வியர்வை தேங்கும் கழுத்து, முதுகு, ஆடை இறுகும் இடங்களில் வரும். குளிர்ந்த இடத்தில் இருந்தால் ஓரிரு நாளில் தணியும். விரல் இடுக்குகளில் அரிப்பு தொடங்கி, வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்ட வடிவில் ஓரம் மட்டும் தடித்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைப்போருக்கு, ஓட்டின் எண்ணெய் பட்ட இடங்களில் தோல் வெந்து கொப்புளிப்பதை அனைவரும் அறிவர். அது எண்ணெய் பட்ட கைகளிலேயே பெரும்பாலும் நிற்கும்.

இந்த வேறுபாடுகள் உதவியானவையே தவிர, முடிவானவை அல்ல. சிகிச்சை பெறும் ஒருவருக்கு இவற்றுள் எது வந்தாலும் அது என்னவென்று மருத்துவர் பார்த்தே சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்.

கொப்புளங்கள் கண்டால் அம்மை என்று கருதி, வேப்பிலை வைத்து, மருந்துகளை நிறுத்தி, நீர் ஊற்றும் நாள் வரை மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பது பல குடும்பங்களின் வழக்கம். இடுப்பிலோ மார்பிலோ ஒருபுறமாகக் கொப்புளம் வரிசையாக எழுந்தால் அக்கி என்று சொல்லிக் காவி கொண்டு எழுதச் செய்வதும் உண்டு. வழிபாட்டையோ நம்பிக்கையையோ நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் புற்றுநோயாளிக்குக் கொப்புளம் கண்ட அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அது மருந்தின் எதிர்வினை என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அது பரவும். உண்மையிலேயே அம்மையோ அக்கியோ என்றாலும், நோயெதிர்ப்பு நிலை மாறியுள்ள உடலில் அவை கடுமையாகக்கூடும். அவற்றுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. அதை முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

உள்ளங்கையே அளவுகோல்

தடிப்பு எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் கொண்டே சிகிச்சை முடிவாகிறது. அதை வீட்டிலேயே ஓரளவு கணக்கிடலாம். நோயாளியின் விரல்களோடு கூடிய உள்ளங்கையின் பரப்பு, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. தடிப்பு எத்தனை உள்ளங்கை அளவு என்று எண்ணிப் பாருங்கள்.

10 உள்ளங்கைக்குக் குறைவாக இருந்தால் அது முதல் நிலை. ஈரப்பதம் காக்கும் களிம்பு, ஸ்டீராய்டு களிம்பு, அரிப்பு தணிக்கும் மாத்திரை ஆகியவை பெரும்பாலும் போதும். புற்றுநோய் மருந்து வழக்கம்போல் தொடரும்.

10 முதல் 30 உள்ளங்கை வரை பரவினால் அது இரண்டாம் நிலை. வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு களிம்பு தரப்படும். அதில் அடங்காவிடில் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சேர்க்கப்படலாம். மருந்து பெரும்பாலும் தொடரும்; சில வேளைகளில் ஒரு தவணை தள்ளிவைக்கப்படும்.

30 உள்ளங்கைக்கு மேல் பரவினாலோ, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவு துன்பம் தந்தாலோ அது மூன்றாம் நிலை. புற்றுநோய் மருந்து நிறுத்திவைக்கப்படும். ஸ்டீராய்டு மாத்திரையாகவோ ஊசியாகவோ தரப்படும். தடிப்பு நன்கு அடங்கியபின் மருந்தை மீண்டும் தொடங்கலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் தோல் மருத்துவரும் கலந்து முடிவு செய்வர். தோல் உரியும் வகையாயின் அம்மருந்து மீண்டும் தரப்படுவதில்லை.

முதல் நிலையில் சொன்னவருக்கும் மூன்றாம் நிலையில் வந்தவருக்கும் இடையே உள்ள தொலைவு சில நேரங்களில் ஒரு வாரம்தான்.

இரவு பகல் பாராது உடனே வர வேண்டியவை

• தடிப்புடன் காய்ச்சல்
• வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண் அல்லது எரிச்சல்
• தோலில் வலி, தொட்டாலே எரிதல், தோல் உரிதல்
• நீர்க்கொப்புளங்கள் அல்லது கருநீலத் திட்டுகள்
• முகம், உதடு, கண் இமை வீக்கம்
• ஓரிரு நாளில் உடல் முழுதும் வேகமாகப் பரவும் தடிப்பு

தோலில் எதிர்வினை வந்தவர்களுக்குக் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றிலும் வரலாம். தொடர் வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், கண் மஞ்சளாதல், மிகுந்த அயர்ச்சி ஆகியவற்றையும் அதே நாளில் தெரிவியுங்கள்.

குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டீராய்டு எடுத்தால் புற்றுநோய் மருந்தின் பயன் கெட்டுவிடாதா?
எதிர்வினையைத் தணிக்க மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் ஸ்டீராய்டு, சிகிச்சையின் பயனைப் பெரிதும் குறைப்பதாக இதுவரையான அனுபவம் காட்டவில்லை. எதிர்வினையை வளரவிடுவதே பெரிய இழப்பு. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ திடீரென நிறுத்தவோ கூடாது. கடுமையான எதிர்வினைக்குப் பின் அதைச் சிறிது சிறிதாகக் குறைக்க 4 முதல் 6 வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்நாள்களில் சர்க்கரை ஏறும். அடிக்கடி சோதித்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பு காசநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தடிப்பு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருளா?
தோல் எதிர்வினை வந்தவர்களில் சிகிச்சையின் பலன் சற்று மிகுதியாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் தனி ஒருவருக்கு அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. தடிப்பு வராதவர்களுக்கும் மருந்து நன்கு பயன்படுகிறது. ஆகவே வந்தால் அஞ்சவும் வேண்டாம். வரவில்லையே என்று கலங்கவும் வேண்டாம்.

மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போடலாமா?
வேண்டாம். படர்தாமரைக்கென்று விற்கப்படும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நுண்ணுயிர் மருந்து ஆகியவை ஒன்றாகக் கலந்திருக்கும். அவை நோயின் தோற்றத்தையே மாற்றி, மருத்துவரால் கண்டறிய முடியாதபடி செய்துவிடும்.

குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசலாமா?
புண்ணான தோலில் பச்சிலைச் சாறு எரிச்சலையும் ஒவ்வாமையையும் தரக்கூடும். மஞ்சளின் நிறம் தடிப்பை மறைத்துவிடும். உள்ளுக்கு எடுக்கும் எந்தக் கைமருந்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

வெதுவெதுப்பான நீரில் குறுகிய நேரம் குளியுங்கள். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பதும், கிருமிநாசினி ஊற்றிய நீரில் குளிப்பதும் வேண்டாம். மணமற்ற மென்மையான சோப்பு போதும். ஈரம் முற்றும் உலர்வதற்குள் மருத்துவர் சொன்ன ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். புண்ணில்லாத இடத்தில் தேங்காய் எண்ணெயும் பயன்படும். நகங்களை ஒட்ட வெட்டி, தளர்ந்த பருத்தி ஆடைகளை அணியுங்கள். அரிப்பு மிகும்போது சொறிவதற்கு மாறாக ஈரத்துணியை ஒற்றுங்கள். கத்தரி வெயில் காலத்தில் முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெளியில் செல்வதைத் தவிர்த்து, சென்றே ஆக வேண்டுமெனில் குடையும் முழுக்கைச் சட்டையும் கொண்டு செல்லுங்கள்.

வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உடல் முழுதும் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகை வீட்டார் பார்க்க வேண்டும். தடிப்பு கண்டால் தேதியுடன் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடங்கியபின் சில மாதங்கள் கருந்தழும்பு நிற்பது நம் தோலின் இயல்பு. அது நோய் மீண்டதன் அடையாளம் அன்று.

எந்த மருத்துவரிடம் சென்றாலும் சொல்ல வேண்டிய ஒரு வரி

காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ சென்றாலும், மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: "நான் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுக்கிறேன், மருந்தின் பெயர் இது, கடைசித் தவணை இந்தத் தேதியில் ஏறியது." சிகிச்சை முடிந்து ஓராண்டு கடந்த பின்னரும் இதைச் சொல்வது நன்று. மருந்தின் பெயர், தவணைத் தேதிகள், சிகிச்சை தரும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். சென்னையிலோ புதுச்சேரியிலோ தரப்பட்ட வெளியேற்றக் குறிப்பின் நகலையும் இங்கு வரும்போது உடன் கொண்டு வாருங்கள். அக்குறிப்பு கையில் இருந்தால், வெளியூர் மருத்துவரோடு நாங்கள் பேசி, அன்றே சிகிச்சையைத் தொடங்க இயலும்.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் பலர் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று தம் துன்பத்தைச் சொல்லமாட்டார்கள். பெண்கள் ஆடைக்குள் மறைந்த இடங்களில் வந்ததைச் சொல்லக் கூசுவார்கள். "அரிக்கிறதா, எங்கேனும் தடித்திருக்கிறதா?" என்று நீங்களே கேளுங்கள். தயக்கமின்றி அழைத்து வாருங்கள். சிறு தடிப்பைக் காட்ட வந்ததற்காக எவரையும் நாங்கள் கடிந்துகொள்வதில்லை.